தோடிக்கு அப்புறம்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

வானொலி நிலையத்தின் டியூட்டி ரூமில் எனக்காக ஒரு மஞ்சப்பை காத்திருந்தது. உள்ளே 43 கார்டு, 11 இன்லண்டு, ஒரு கூரியர் கவர். மார்கழியை ஒட்டி, "உங்களுக்குப் பிடித்த கர்நாடக இசை எது? ஏன் அது பிடிக்கும்? எழுதி அனுப்புங்கள்" என்று ஒரு மாதமாக அறிவித்து வந்தோம், அதற்கு வந்தவை. வாட்ஸ்ஆப்பில் வந்தது தனிக் கணக்கு. அதில் முக்கால்வாசி காலை வணக்கமும் ரோஜாப்பூவும்.

நான் இங்கே கேஷுவல் அனவுன்சர். மாதம் ஆறு டியூட்டி, பத்தொன்பது வருடமாக. மற்ற நாட்களில் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். கடிதம் பிரிப்பது என் வேலையில் சேராது, ஆனால் எனக்குப் பிடிக்கும்.

கவனித்த ஒன்று: 2023 மே மாதத்திலிருந்து நாங்கள் "ஆகாசவாணி" என்றுதான் சொல்ல வேண்டும். கார்டில் பாதிப் பேர் இன்னும் "ஆல் இந்தியா ரேடியோ" என்றுதான் முகவரி எழுதுகிறார்கள். தபால்காரர் எப்படியும் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்.

"ஏன் பிடிக்கும்" என்ற கேள்விக்கு யாரும் சங்கீதத்தைப் பற்றி எழுதுவதில்லை. டைபாய்டில் படுத்திருந்தபோது கேட்டது, மாமனார் வீட்டில் முதல் நாள் கேட்டது, நெல் மூட்டை லாரியில் போகும்போது கேட்டது, இப்படித்தான். ஒரே ஒருவர் மட்டும் "கரகரப்பிரியா, ஆதி தாளம், 1971" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1971இல் என்ன நடந்தது ஐயா?

டிசம்பர் 11, புதன்

எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்து இன்றோடு இருபது வருடம். அவர் பாடியதைக் கேட்டு வந்த கார்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். "குறை ஒன்றும் இல்லை" ஏழு பேர். எதிர்பார்த்ததுதான். ஒருவர் மட்டும் "ஹரி தும் ஹரோ."

அந்த மீரா பஜனின் கதை ரேடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். 1947இல் காந்திக்கு எம்.எஸ். குரலில் அதைக் கேட்க ஆசை. தனக்கு அது பழக்கமில்லை, வேறு யாராவது பாடட்டுமே என்று எம்.எஸ். தரப்பில் பதில் போயிற்று. மற்றவர்கள் பாடிக் கேட்பதைவிட சுப்புலட்சுமி வெறுமனே சொல்லிக் கேட்டாலே போதும் என்று திரும்பி வந்தது காந்தியின் பதில். அப்புறம் மறுக்க முடியுமா? ராவோடு ராவாக மெட்ராஸ் நிலையத்தில் ஒலிப்பதிவு செய்து விமானத்தில் டெல்லிக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 2, அவருடைய கடைசிப் பிறந்தநாளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு மாதம் கழித்து, ஜனவரி 30 இரவு, காந்தி சுடப்பட்ட செய்தியைச் சொல்லிவிட்டு ரேடியோ அதே பதிவை ஒலிபரப்பியது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த எம்.எஸ். மயங்கி விழுந்துவிட்டார்.

கார்டு எழுதிய அம்மாளின் கதை அதே இரவில், கும்பகோணம் பக்கத்துத் தெரு ஒன்றில் நடக்கிறது. அவருடைய தாய்க்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் ஒரே ஒரு வீட்டில் ரேடியோ. வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும், திண்ணையில் ஏறினால் அதட்டுவார்கள். அன்றைக்கு வாசற்கதவு திறந்தே கிடந்திருக்கிறது, யாரும் யாரையும் அதட்டவில்லை. அந்த வீட்டுக் கூடத்துக்குள் முதலும் கடைசியுமாக உட்கார்ந்தது அன்றுதான் என்று தாய் சொல்வாராம். "அம்மாவுக்கு அந்தப் பாட்டின் வார்த்தை ஒன்றும் தெரியாது. தரை சில்லென்று இருந்தது என்றுதான் சொல்வார்."

மறுநாள் கதவு மூடிவிட்டதா என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. மூன்று பஸ் மாறி வந்தேன். இன்று நாயனக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளை நினைவு நாள் (மறைந்தது 1956). அதற்குத் தோதாக ஒரு கடிதமும் பையின் அடியிலிருந்து வந்தது. இன்லண்டு, மன்னார்குடிப் பக்கம், எழுதியவருக்கு 71 வயது. சுருக்கி எழுதிவைக்கிறேன்.

பத்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பஞ்சாயத்து ரேடியோ கேட்கப் போவாராம். பஞ்சாயத்து ஆபீஸ் மேல் குழாய் ஒலிபெருக்கி, கீழே மணலில் ஊர். ஒருநாள் ராத்திரி ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம், தோடி ராகம். அப்பா இவரைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாராம். ராகம் முடிந்தது. உடனே செய்தி தொடங்கிவிட்டது. அப்பா, "இதுக்கப்புறம் ஒரு பாட்டு இருக்குடா, அதப் போடாம வுட்டுட்டான்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். சாகும்வரைக்கும் சொன்னார்.

கடைசி வரி: "அந்த ராகத்துக்கு அப்புறம் ராஜரத்தினம் என்ன பாட்டு வாசித்தார்? அதைப் போடவும்."

இதுவரை வந்ததில் பதில் சொல்ல முடிகிற கேள்வி இது ஒன்றுதான் என்று சந்தோஷப்பட்டேன். அவசரம்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி முதல் தேதி, முதல் டிரான்ஸ்மிஷன். நாலு மணிக்கு எழுந்து, ஆட்டோவில் வந்து, மைக் முன்னால் உட்காரும்போது குரல் பாதி தூக்கத்தில் இருந்தது. வந்ததும் தபலா ஜாகிர் உசேன் போய்விட்டார் என்ற செய்தி.

வாட்ஸ்ஆப்பில் ஒரு பையன் கேட்டிருக்கிறான் (பையன்தான், டிபியில் மீசை அரும்புகிறது): "காலையில் நிலையம் திறக்கும்போது வருமே, அந்த மியூசிக்தான் என் ஃபேவரைட். அது கிளாசிக்கலா?"

நல்ல கேள்வி. அந்த முத்திரை இசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன். இன்று செக் நாட்டில் இருக்கும் கார்ல்ஸ்பாடில் பிறந்த யூதர். நாஜிகளின் நெருக்கடியில் ஊரை விட்டு 1934இல் பம்பாய் வந்து, அங்குள்ள வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கீழே தம்புரா, மேலே வயலின், ராகம் சிவரஞ்சனி. "குறை ஒன்றும் இல்லை" தொடங்குவதும் அதே சிவரஞ்சனிதான். ஊரை இழந்து வந்தவர் போட்ட மெட்டில்தான் இத்தனை வருடமாக நம் வீடுகளில் பால் காய்ந்திருக்கிறது.

பையனின் காரணம்: அது வரும்போதுதான் ஆயா அடுப்பு பற்றவைக்கும். ஆயா இப்போது இல்லை. "அந்த மியூசிக் வந்தா இன்னும் மண்ணெண்ணெய் வாசனை அடிக்குதுக்கா."

டிசம்பர் 19, வியாழன்

டியூட்டி இல்லாத நாள், லைப்ரரிக்காகவே போனேன். இங்கே பழைய தட்டுகளையும் ஸ்பூல் டேப்பையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியாகிவிட்டது. அட்டைகளை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை, புண்ணியம்.

தோடி கிடைத்தது. 78 சுழற்சித் தட்டு, ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம், இரண்டு பக்கமும் ஆலாபனை, பாட்டுக்கு முன்னால் ராகத்தை மட்டும் விரிப்பது. அவ்வளவுதான். பாட்டே இல்லை.

இரண்டு தடவை கேட்டேன். ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ஆச்சாரியோடு சேர்ந்து நாயனத்தின் நீளத்தைக் கூட்டி, சுருதியை இறக்கி, பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர். அந்தக் கனம் இந்த இரைச்சலுக்குள்ளும் கேட்கிறது. காந்தார ஸ்வரத்தை அசைத்துப் பிடிக்கும் இடத்தில் எனக்குக் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது. ராத்திரி முழுக்கத் தோடியை வாசிப்பார் என்று பெயர் எடுத்தவரை ஆறேழு நிமிடத்துக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். ஆனால் நான் தேடிப் போனது அதை அல்ல.

அன்று பஞ்சாயத்து ரேடியோவில் வந்தது அநேகமாக இந்தத் தட்டாகத்தான் இருக்கும். செய்திக்கு முன்னால் ஆறேழு நிமிடம் இடைவெளி விழுந்தால் நாங்கள் இன்றும் இப்படி ஒன்றைத்தான் போடுவோம், ஃபில்லர் என்று பெயர். யாரும் எதையும் வெட்டவில்லை. அந்த மனிதர் ஆயுசு முழுக்கக் காத்திருந்த பாட்டு, ரேடியோவில் இருந்ததே இல்லை.

இதை எப்படிச் சொல்வது?

டிசம்பர் 29, ஞாயிறு

பத்து நாள் தள்ளிப்போட்டு இன்று போன் செய்தேன். இன்லண்டில் பேரனின் நம்பர் இருந்தது. பேரன், "தாத்தா, ரேடியோ ஸ்டேஷன்லேருந்து!" என்று கத்தியது இங்கே எட்டியது.

தட்டில் ராகம் மட்டும்தான் ஐயா, பாட்டு கிடையாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. நான் எதிர்பார்த்த வருத்தம் அந்தப் பக்கத்தில் இல்லை. "அப்ப ரேடியோலயும் இல்லியா" என்றார். அந்த "லயும்" என்னைப் பிடித்து நிறுத்தியது. கேட்டேன். சொன்னார்.

அப்பா பண்ணையாள். வாலிபத்தில் எட்டு மைல் நடந்து போய் ராஜரத்தினம் பிள்ளையை நேரிலேயே கேட்டிருக்கிறார், சாமி புறப்பாட்டில். வீதியில் நின்று நின்று தோடி வாசித்துக்கொண்டு வந்தார்களாம். தூரத்தில், வரப்பு ஓரமாக, இவர்கள் நிற்க அனுமதித்த இடத்தில் நின்று கேட்டார். விடியப் போகும் நேரத்துக்கு சாமி கோபுர வாசலுக்குள் போய்விட்டது. நாயனமும் உள்ளே போய்விட்டது. பாட்டு உள்ளே நடந்தது. கோயிலுக்குள் இவர்கள் போக முடியாத காலம் அது.

"மதிலத் தாண்டி கொஞ்சம் கொஞ்சம் கேட்டுச்சாம்மா. அதத்தான் முழுசாக் கேக்கணும்னு இருந்தாரு. ரேடியோவுக்கு மதில் இல்லல்ல?"

அப்பா முனகிக்கொண்டிருந்த மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். வெட்கப்பட்டார். பிறகு பாடினார். ஏழெட்டு ஸ்வரம் இருக்கும். போனில் பதிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

பதிவை என் பாட்டு டீச்சருக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு 82. கண்ணை மூடி மூன்று முறை கேட்டார்.

"இது தோடியே இல்லடீ."

"தேய்ஞ்சு போயிருக்குமோ டீச்சர்?"

"மதில்ல பட்டு, அப்பா வாயில பட்டு, பிள்ளை வாயில பட்டு வந்திருக்கு. இப்ப சிந்துபைரவி மாதிரி இருக்கு. நன்னாதான் இருக்கு."

தோடியில் எந்தக் கீர்த்தனையாக இருந்திருக்கும் என்று இருவரும் யோசித்தோம். டீச்சர் கட்சி "கொலுவமரெகதா." சாமி உள்ளே வந்து கொலுவில் அமர்ந்ததும் தியாகராஜர் பாடியது போன்ற பாட்டு, இடத்துக்குப் பொருந்தும். என் கட்சி "கத்தனுவாரிகி." எனக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஜனவரி 18, சனி

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை, புஷ்ய பகுள பஞ்சமி. அவருடைய ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளும் நேரடி ஒலிபரப்பு, நான் இங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் முன்னால். ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் பாடும்போது சுருதி கொஞ்சம் முன்பின் இருக்கும். எனக்கு அதுவும் சேர்ந்தால்தான் ஆராதனை.

வராளியில் "கனகன ருசிரா" வரும்போது பாபநாசத்துக் கார்டு ஒன்று ஞாபகம் வந்தது. கோலமாவு வியாபாரியின் மனைவி. அந்தப் பாட்டு பிடிக்கும், ஏனென்றால் அதில் "கணகண" என்று மணி அடிக்கிறது. ஒரு ஆராதனை அன்று அது பாடும்போது வாசலில் கணவரின் சைக்கிள் மணியும் அடித்தது. தெலுங்கில் அதற்குக் காணக் காண ருசிப்பவன் என்று பொருள். மணியே கிடையாது. முன்பெல்லாம் இப்படி எழுதினால் ஒலிபரப்பில் திருத்துவேன், புத்திசாலித்தனம் காட்ட. இன்று கார்டை அப்படியே வாசித்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மன்னார்குடிக்காரரின் முறை. புரோகிராம் பொறுப்பாளர் முதலில் தயங்கினார், "ராகம் தட்டிலிருந்து, பாட்டு வேறொருத்தர் வாசிச்சதா? ஒட்டுப்போட்ட மாதிரி இருக்காதா?" என்று. சுருதியே மாறும், இருக்கத்தான் செய்யும். நேயரிடமே கேட்டுவிட்டேன் சார் என்றேன். அவர் சொன்னது: "எந்தப் பாட்டா இருந்தாலும் போடும்மா. உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியட்டும்."

கடிதத்தை வாசித்தேன். கோபுர வாசல் வரும் வரியில் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மெனக்கெட வேண்டியிருந்தது. பிறகு தட்டு. பிறகு எங்கள் நிலையத்திலேயே பதிவான நாயனத்தில் "கொலுவமரெகதா", டீச்சர் கட்சிக்கே விட்டுக்கொடுத்தேன். பன்னிரண்டு நிமிடம். கடைசித் தவில் அடி விழுந்தபோது செய்திக்கு 40 விநாடி மீதி இருந்தது. ஃபேடரில் கையே வைக்கவில்லை.

ஒன்பதே காலுக்குப் பேரன் நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் நாய் குரைக்கிறது.

"முழுசாக் கேட்டேம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அது இல்ல."

தோடிக் கீர்த்தனைகளைப் பட்டியல் போட்டு வைத்தேன். கத்தனுவாரிகி, ராஜு வெடலெ, எந்துகு தயராதுரா, தாயே யசோதா, கார்த்திகேய காங்கேய. பிப்ரவரியில் எனக்கு ஆறு டியூட்டி இருக்கிறது.