கால்மாட்டுக் கணக்கு

மார்ச் 4
ஆஸ்பத்திரிக் கட்டில். காலை இழுத்துப் பிடிக்க மூன்று கிலோ எடை தொங்குகிறது. கயிறு, கப்பி, அப்புறம் என் கால்.

மார்ச் 5
ராத்திரி முழுக்க வலி.

மார்ச் 6
மூன்று கிலோ என்றால் 29.4 நியூட்டன். பகலென்றும் இரவென்றும் பாராமல் இழுக்கிறது. ஆனாலும் நான் கால்மாட்டுப் பக்கம் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே இருக்கும் நிலை உராய்வுதான் பிடித்து வைத்திருக்கிறது. அதுவும் சரியாக 29.4 நியூட்டன், தலைமாட்டை நோக்கி. இது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 7
கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் 20 செ.மீ. கட்டைகள் வைத்தார்கள். இழுப்பை என் எடையே ஈடுகட்டட்டும் என்று.

சிஸ்டர் போனதும் படம் போட்டேன். கட்டிலின் நீளம் 2 மீட்டர், எனவே சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு 0.1. நான் 50 கிலோ, எடை 490 நியூட்டன். அச்சுகளைத் தரையோடு வைக்காமல் கட்டிலோடு சாய்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. சரிவின் வழியே வரும் கூறு 49, தலைமாட்டை நோக்கி. படுக்கையை அழுத்தும் கூறு ஏறக்குறைய 488, முழு எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. கயிறு இழுப்பது 29.4, கால்மாட்டை நோக்கி. மீதி 19.6. அதை உராய்வு ஏற்றுக்கொள்கிறது, கால்மாட்டை நோக்கி.

நேற்று தலைமாட்டை நோக்கி இருந்தது! அதே முதுகு, அதே விரிப்பு. கட்டை வந்ததும் திசை மாறிவிட்டது. உராய்வுக்கென்று சொந்தத் திசை கிடையாது. எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கும்.

மார்ச் 8
கூடப் படிக்கும் நண்பன் நோட்டுப்புத்தகத்தோடு வந்தான். எல்லாக் கணக்கிலும் உராய்வுக்கு நேரே குணகம் (பரப்புகள் எவ்வளவு பற்றும் என்று சொல்லும் எண்) பெருக்கல் செங்குத்து விசை (பரப்பை நேராக அழுத்தும் விசை) என்று எழுதி வைத்திருக்கிறான். நகராத பொருளுக்கும் அதேதான். குணகம் 0.3 என்று வைத்துக்கொள், எனக்கு 146 நியூட்டன் வரும் என்றேன். நிஜமாகவே 146 கால்மாட்டை நோக்கி வேலை செய்தால் நான் வினாடிக்கு வினாடி 2.5 மீட்டர் வேகம் கூடிக் கப்பியில் போய் முட்டியிருப்பேன். 146 என்பது உச்ச வரம்பு. அதுவரை எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கொடுக்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தம் அதிகமாகிவிட்டது போல, சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 9
கட்டை 12 செ.மீ. இருந்தால் சரிவுக் கூறும் 29.4. உராய்வு பூஜ்யம்.

மார்ச் 11
எக்ஸ்ரே முடிவு வரவில்லை. யாரும் எதுவும் சொல்வதில்லை. தேர்வு நடக்கும், நான் இருப்பேனா என்பதுதான்.

மார்ச் 12
இரண்டு பரப்புகள் நெடுநேரம் அசையாமல் ஒட்டிக் கிடந்தால் நிலை உராய்வின் உச்ச வரம்பு கூடலாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி கூலும் கண்டார். 1785-இல் வெளியான ஆய்வு அது. மின்னூட்டத்துக்கு அலகாகிப்போன அதே கூலும்தான். மெத்தைக்கு இது எந்த அளவுக்குப் பொருந்துமோ. இன்று அசையவே மனமில்லை.

மார்ச் 19
எடையை எடுத்துவிட்டார்கள். கால் லேசாக இருப்பதே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2
ஊன்றுகோல். முனையில் சாம்பல் நிற ரப்பர், வட்டம் வட்டமாக வரி.

நாலு அடி வைத்ததும் கேள்வி வந்துவிட்டது. கோலைச் சாய்த்து ஊன்றும்போது விசை கோலின் நீளத்தோடு தரைக்குள் இறங்குகிறது. அதைப் பிரித்தால் தரையை அழுத்தும் கூறு ஒன்று, பக்கவாட்டில் தள்ளும் கூறு ஒன்று. பக்கவாட்டுக் கூறை உராய்வு சமாளிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதம், செங்குத்திலிருந்து கோல் சாய்ந்த கோணத்தின் டேன் மதிப்பு. எடை அடிபட்டுப் போகிறது! நான் எவ்வளவு பாரம் போட்டாலும், மெல்ல ஊன்றினாலும், வழுக்குமா வழுக்காதா என்பதைக் கோணம்தான் முடிவு செய்யும். குணகம் 0.6 என்றால் 31 டிகிரி வரை தாங்கும். ஈரத்தரையில் அது 0.2-க்கு இறங்கினால் 11 டிகிரிதான். குட்டி எட்டாக வை என்று அவர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஏப்ரல் 3
கழுவிய தரை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 4
மாடிப்படி ஏறச் சொல்கிறார்கள். படியின் விளிம்பில் ரப்பர் பாதிதான் பதிகிறது, அப்போது செங்குத்து விசை எந்தப் புள்ளியில்? காலையில் படம் போட வேண்டும், பென்சில் எங்கே போ