ஒன்பிளஸ் 6 கைபேசியில் லினியேஜ் ஓஎஸ் நிறுவிய அனுபவம்

2018இல் வெளிவந்த ஒன்பிளஸ் 6 கைபேசிக்கு அதிகாரபூர்வ மேம்படுத்தல்கள் ஆண்ட்ராய்டு 11உடன் நின்றுவிட்டன. அதிலுள்ள ஸ்னாப்டிராகன் 845 சில்லு அன்றாட வேலைகளுக்கு இன்றும் தாராளமாகப் போதும் என்றாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கைபேசியில் பணப் பரிமாற்றம் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே ஆண்ட்ராய்டு 14ஐ அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ் 21 என்ற இயங்குதளத்தை நிறுவத் தீர்மானித்தேன். 2016 டிசம்பரில் சயனோஜென்மோட் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளம் முடிவுக்கு வந்தபோது அதன் நிரலிலிருந்து கிளைத்த திட்டம் இது. கைபேசி நிறுவனம் அல்லாத பிறர் உருவாக்கும் இத்தகைய இயங்குதளங்கள் (கஸ்டம் ரோம்கள்) வேறு பல இருந்தும், மூல நிரல் திறந்திருப்பதோடு ஒவ்வொரு கைபேசி மாதிரிக்கும் தனித்தனி வழிகாட்டியும் இருப்பதால் இதையே தேர்ந்தேன்.

முதல் வேலை, கைபேசி துவங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறப்பது. அப்போது கைபேசியிலுள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. இல்லையென்றால் திருடிய கைபேசியில் வேறு மென்பொருளை ஏற்றி, உரிமையாளரின் கோப்புகளைப் படிக்க முயல்வது எளிதாகிவிடும். படங்களைக் கணினிக்கு மாற்றுவது எளிய வேலைதான். இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகளை உருவாக்கும் செயலியை வேறொரு கைபேசிக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்வதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் தெரியும். அங்கே ஓஇஎம் அன்லாக்கிங் (பூட்லோடரைத் திறக்க அனுமதி), யூஎஸ்பி டீபக்கிங் (கணினி வழியே கட்டளையிட அனுமதி) இரண்டையும் இயக்கிவிட்டு, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குச் சென்று, கணினியிலிருந்து ஒரே கட்டளையில் பூட்டைத் திறந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் ஓர் எச்சரிக்கை வந்து போகும், அது பிழையன்று.

இந்த மாதிரியில் புதியவர்களைக் குழப்பக்கூடியது, இயங்குதளத்தை வைக்க ஏ, பி என்று இரண்டு ஸ்லாட்டுகள் (இடங்கள்) இருப்பதாகும். வழக்கமான மேம்படுத்தல் அப்போது இயங்காத ஸ்லாட்டில்தான் எழுதப்படும். மோடம் உள்ளிட்ட வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குரிய பகிர்வுகளும் (சேமிப்பகத்தின் பிரிவுகளும்) இரண்டிரண்டாக உள்ளன. ஒன்றில் ஆண்ட்ராய்டு 11இன் ஃபர்ம்வேரும் மற்றொன்றில் பழையதும் இருந்து, புதிய இயங்குதளம் பழையது உள்ள பக்கத்தில் போய் அமர்ந்தால், கைபேசி துவங்காமலே போகக்கூடும். இயங்குதளத்தை நிறுவ உதவும் சிறு மென்பொருளான லினியேஜ் ரெகவரியை பூட் பகிர்வில் ஏற்றிய பின், ஒரு ஸ்லாட்டின் ஃபர்ம்வேரை மற்றொன்றுக்கு நகலெடுக்கும் சிறிய ஜிப் கோப்பை முதலில் சைட்லோட் செய்ய (கணினியிலிருந்து கேபிள் வழியே ஏற்ற) வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான். தேவையற்ற படி என்று இதைத் தாண்டிவிடலாம் எனச் சிலர் சொல்வது சரியான யோசனையன்று.

அடுத்து, முந்தைய இயங்குதளம் குறியாக்கம் செய்து வைத்த தரவுப் பகிர்வை ரெகவரியிலேயே ஃபார்மேட் செய்துவிட்டு, கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா 256 மதிப்பைச் சரிபார்த்து வைத்திருந்த லினியேஜ் கோப்பை சைட்லோட் செய்தேன். கணினித் திரையில் 47 விழுக்காட்டில் ஓட்டம் நின்று, தோல்வி என்று தொடங்கி வெற்றி என்று முடியும் விசித்திரமான ஒரு செய்தி வந்தது. இங்கே பதறிப்போய் கேபிளைப் பிடுங்கக் கூடாது. அந்த 47 வழக்கமானதுதான் என்று வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. உண்மையான முடிவைக் கைபேசியின் திரையில்தான் பார்க்க வேண்டும்.

கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் அவற்றை முதல் துவக்கத்திற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும். ஸ்லாட் மாறியிருப்பதால் ரெகவரியை ஒருமுறை மறுதுவக்கம் செய்த பிறகுதான் மைண்ட்தகேப்ஸ் என்ற கூகுள் செயலிகளின் தொகுப்பை ஏற்ற முடியும். அது லினியேஜின் கையொப்பம் பெற்றதன்று என்பதால் சரிபார்ப்பு தோற்றதாக ரெகவரி சொல்லும். கோப்பு வந்த இடம் நம்பிக்கைக்குரியதாக இருந்தால் தொடரலாம்.

முதல் துவக்கம் சற்று நேரம் எடுத்துக்கொண்டது. அழைப்பு, வைஃபை, ஒலி நிலையை மாற்றும் பக்கவாட்டு நழுவி எல்லாம் ஒழுங்காக இயங்கின. கேமரா மட்டும் பழைய செயலி அளவுக்கு இல்லை. இரவுப் படங்களில் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. நான் பயன்படுத்தும் ஒரு வங்கியின் செயலியோ திறக்கவே மறுத்தது. திருத்தங்கள் நின்றுபோன ஆண்ட்ராய்டு 11இல் தடையின்றி இயங்கிய அதே செயலி, பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் புதிய இயங்குதளத்தை நம்ப மறுக்கிறது. எந்தக் கவலைக்காக இத்தனையும் செய்தேனோ அதற்கே இது முரணாக இருக்கிறது. சரிபார்ப்பை ஏமாற்றும் குறுக்குவழிகளை நான் நாடவில்லை. அந்த வங்கிக் கணக்கை உலாவி வழியே பார்த்துக்கொள்கிறேன். எச்சரிக்கைத் திரையை நீக்குவதற்காக பூட்லோடரை மறுபடி பூட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: லினியேஜ் இருக்கும் நிலையில் பூட்டினால் கைபேசி துவங்காமல் செங்கல்லாகிவிடும் அபாயம் உண்டு. பூட்ட வேண்டுமானால் முதலில் நிறுவனத்தின் மூல மென்பொருளுக்கு முழுமையாகத் திரும்பிவிட வேண்டும்.