சிவப்பா, முக்கோணமா, ஒன்றா: ஐந்து வாரச் சீட்டுக் கணக்கு

ரம்மி ஆப்பை அழித்துவிட்டு, அரக்கோணம் ரயிலில் பொழுதுபோக வேறு ஏதாவது வேண்டுமே என்று தேடியபோது சிக்கியது இந்தச் சீட்டு விளையாட்டு. திரையின் மேலே நான்கு சீட்டுகள் அசையாமல் இருக்கும்: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம். கீழே ஒவ்வொரு சீட்டாக வரும். அதை மேலே உள்ள நான்கில் ஒன்றோடு சேர்க்க வேண்டும். நிறம் பார்த்துச் சேர்ப்பதா, வடிவம் பார்த்தா, எண்ணிக்கை பார்த்தா? அதைச் சொல்ல மாட்டார்கள். சரி, தப்பு, அவ்வளவுதான் பதில். விதியைக் கண்டுபிடித்து ஜம்மென்று போய்க்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் அது மாறிவிடும்.

முதல் நாள்: 128 சீட்டும் தீர்ந்தது, 41 தப்பு. அதில் 24, விதி மாறிய பிறகும் பழைய விதியையே பிடித்துக்கொண்டு போட்டவை. பச்சையைப் பச்சையோடு வைக்கிறேன், தப்பு என்கிறது. மறுபடி வைக்கிறேன், மறுபடி தப்பு. ஆப்பில்தான் கோளாறு என்று நினைத்து ஒருமுறை மூடித் திறந்துகூடப் பார்த்தேன்.

அன்று இரவே இதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். யாரோ புதிதாக யோசித்த விளையாட்டு இல்லை இது. விஸ்கான்சின் கார்டு சார்ட்டிங் டெஸ்ட் என்ற பெயரில் 1948-ல் டேவிட் கிராண்டும் எஸ்தா பெர்க்கும் வெளியிட்ட உளவியல் சோதனை. 1963-ல் பிரெண்டா மில்னர், மான்ட்ரியலில் வலிப்பு நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார். நெற்றிப் பக்க மூளையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள், தப்பு தப்பு என்று சொல்லச் சொல்லப் பழைய விதியிலேயே நின்றார்கள். என்னுடைய 24-ஐ நினைத்துக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது உண்மை.

ஆனால் அந்தப் பயம் மூன்றே நாள்தான். மூன்றாம் நாள் 11 தப்பு. ஐந்தாம் நாள் 60 சீட்டில் ஆட்டம் முடிந்தது, ஒரு தப்புகூட இல்லை. மூளை வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நிறம், வடிவம், எண்ணிக்கை, திரும்ப அதே வரிசை. வரிசையாகப் பத்து சரியானதும் விதி மாறும். நான் விரலில் பத்து எண்ணிவிட்டு நானே மாற்றிக்கொண்டேன். மருத்துவர்களுக்கும் இதே தலைவலி உண்டாம். விதி மாறும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை அது வேறு சோதனை. ஆப் மட்டும் என் 'மூளைத் திறன்' ஏறிவிட்டதாகப் பட்டாசு வெடித்துக் காட்டியது. இப்படிப்பட்ட வாக்குறுதிக்காகத்தான் 2016-ல் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்கும் லுமோசிட்டி நிறுவனம் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

சரி, கையாலேயே செய்துவிடுவோம் என்று இறங்கினேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, நான்கு ஸ்கெட்ச் பேனா. நான்கு நிறம், நான்கு வடிவம், நான்கு எண்ணிக்கை, மொத்தம் 64 சீட்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. நட்சத்திரம் வரைவதுதான் பெரிய பாடு. பத்து வயது மகள்தான் நடுவர். தாயக்கட்டை வேண்டாம், பரமபதப் பகடை போதும்: அவள் மறைவாக உருட்டுவாள், விழுந்த எண்ணோடு நான்கைக் கூட்டி, அத்தனை சரி வந்ததும் விதியை மாற்றுவாள். அடுத்த விதி எது என்பதற்குக் காசு சுண்டல். இனி விரல்விட்டு எண்ணிப் பயனில்லை.

அம்மாவும் ஒருமுறை உட்கார்ந்தார். அன்று நான் நடுவர். விதி மாறியதும், "இப்பத்தானடா சரின்ன, அதுக்குள்ள தப்புங்குற?" என்று ஒரு முறை முறைத்தார். அடுத்த சீட்டிலேயே மாற்றிப் போட்டுவிட்டார். என் முதல் நாளைவிட எவ்வளவோ மேல்.

இந்த 64 சீட்டில் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு சிவப்பு நட்சத்திரம் வருகிறது என்று வையுங்கள். அதை இரண்டு பச்சை நட்சத்திரத்தோடு வைத்து, 'சரி' என்றால் என்ன விதி? வடிவமா, எண்ணிக்கையா? தெரியாது. எண்ணிப் பார்த்தால், 64-ல் 24 சீட்டுதான் சுத்தமானவை. அதாவது நிறம் ஒரு பக்கம், வடிவம் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம் இழுப்பவை. நெல்சன் என்பவர் 1976-லேயே இதே காரணத்துக்காக மற்றதையெல்லாம் கழித்துவிட்டு, 24-ஐ இரண்டு முறை வைத்து 48 சீட்டாக்கியிருக்கிறார். நானும் இன்னொரு 24 வரைந்தேன். மறுபடி நட்சத்திரம்.

48 சீட்டில் கணக்கு சுலபம். விதி மாறினால் ஒரு தப்பு தவிர்க்க முடியாதது. மிச்சம் இரண்டு விதி, பாதிக்குப் பாதி. ஆக ஒரு மாற்றத்துக்குச் சராசரி ஒன்றரைத் தப்பு நியாயம். ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்றம் வந்தால் ஏழோ எட்டோ. அதற்கு மேல் போனது என் பாவம்.

மூன்றாம் வாரம் 14 தப்பு, நான்காம் வாரமும் 14. எண் அசையவில்லை, ஆனால் நோட்டைப் பார்த்தால் தப்பின் ஜாதி மாறியிருந்தது. பழையதைப் பிடித்துத் தொங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பதிலாக, ஆறேழு சரி வந்ததுமே 'இப்போது மாற்றியிருப்பாள்' என்று நானே சந்தேகப்பட்டுத் தாவுகிறேன். தப்பு. உடனே குழம்பி இன்னொன்றுக்குத் தாவுகிறேன். அதுவும் தப்பு. பிடிவாதத்தைவிட இந்தச் சந்தேகம்தான் விடுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. இதற்கு ஒரே வைத்தியம், 'தப்பு' காதில் விழும்வரை கையை மாற்றுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவது. ஐந்தாம் வாரம் புதன்கிழமை 9 தப்பு.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமைவரை. இருபதாவது சீட்டுவாக்கில் 'தப்பு' வந்தது. நிறம் விட்டு வடிவத்துக்குப் போனேன், தப்பு. எண்ணிக்கை, தப்பு. திரும்ப நிறம், தப்பு. மூன்றையும் இன்னொரு சுற்று பார்த்தேன்.

"பாப்பா, ஒழுங்கா பார்த்துச் சொல்லு."

"ஒழுங்காத்தான்ப்பா சொல்றேன்."

வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோராவது தப்பில் எரிச்சல் வந்து, கையிலிருந்த ஒற்றைப் பச்சை வட்டத்தை, எதிலும் பொருந்தாத மஞ்சள் சிலுவைமேல் வீசினேன்.

"சரி," என்றாள்.

எதனோடும் பொருந்தாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவளே சேர்த்த நான்காவது விதி. சுத்தமான 24 சீட்டில் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஓர் இடம் மிச்சம் இருக்கும் என்பதை, அத்தனையும் வரைந்த எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அன்றைய கணக்கு: 48-ல் 22 தப்பு.