கடைமுகத்துக்கும் திருக்கார்த்திகைக்கும் நடுவில்

மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், ஐப்பசி கடைசியில் வெயில் அடித்தால் அதுவே பெரிய விஷயம். துவைத்த துணி கூடத்துக் கொடியில் மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கும், தீப்பெட்டி நமுத்துப் போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். காலையில் பால் வாங்கப் போனால் டீக்கடையில் ஒரே கேள்விதான்: "என்னண்ணே, தண்ணி வடிஞ்சிடுச்சா?" சம்பா நட்டு, பயிர் தூர் கட்டுகிற நேரம். நாலைந்து நாள் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தால் அழுகிவிடும் என்பதால், வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை எடுத்தார்களா இல்லையா என்பதுதான் இந்த மாதம் எங்களுக்குத் தலைப்புச் செய்தி. 2022 நவம்பர் 11 அன்று பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கப்புறம் ராத்திரி மழைச் சத்தம் கொஞ்சம் கனத்தாலே வயல் வைத்திருப்பவர்கள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இருந்தாலும் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாட்கள் இவைதான், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே. அப்போது நாங்கள் நாகப்பட்டினம் மாவட்டம் (1991ல் தஞ்சாவூரிலிருந்து பிரித்தது, மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதெல்லாம் 2020ல்தான்), அதனால் மழை விடுமுறை நாகை கலெக்டர் கையில் இருந்தது. வானொலியில் மாவட்டங்களின் பெயரை வரிசையாகப் படிக்கும்போது நாகப்பட்டினம் வருகிறதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வந்துவிட்டால் அடுத்த நிமிஷம் தூண்டிலும் மண்புழுவும்தான். வாய்க்கால் மதகடியில் கெண்டை, குறவை, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். வயல் நண்டு கிடைத்தால் அம்மா ரசம் வைத்துவிடுவார், மிளகு தூக்கலாக.

ஐப்பசி முழுக்கக் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். கங்கையே இந்த மாதம் இங்கே வந்து காவிரியில் முழுகிப் போகிறாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கடைசி நாள் கடைமுகம். மாயூரநாதரும் மற்றக் கோயில் சாமிகளும் தீர்த்தவாரிக்குக் காவிரிக்கு வருவார்கள், பட்டமங்கலத் தெருவிலிருந்து கரை வரைக்கும் நடக்க இடம் இருக்காது. மறுநாள், கார்த்திகை ஒன்றாம் தேதி, முடவன் முழுக்கு. கால் நடக்க முடியாத ஒருவர் எப்படியாவது கடைமுகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று புறப்பட்டு, வருவதற்குள் ஐப்பசி முடிந்துபோனதாம். அவர் மனம் நொந்து நிற்க, சிவபெருமான் அவருக்காக இன்னொரு நாள் கொடுத்தார் என்று சொல்வார்கள். என் பாட்டி கூட்டம் தாங்காது என்று கடைமுகத்தை விட்டுவிட்டு இந்த நாளில்தான் முழுகப் போவார். தாமதமாக வந்தவனுக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிய ஊரில் பிறந்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அது முடிந்ததும் எங்கள் தெருப் பையன்கள் மாவலி வேலையில் இறங்குவோம். மாவலி என்றால் திருக்கார்த்திகைக்குக் கயிற்றில் கட்டிச் சுற்றுகிற தீப்பொறி. ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையெல்லாம் பனைதான். ஆண்பனையின் பூ காய்ந்து கீழே விழுந்து கிடக்கும். அதை அடைமழை பிடிப்பதற்கு முன்பே, புரட்டாசியிலேயே, பொறுக்கிப் பரணில் போட்டுவிட வேண்டும். நனைந்துவிட்டால் உதவாது. மழை விட்ட ஒரு சாயங்காலம் குழி தோண்டி, பூவைப் போட்டு எரித்து, சாம்பலாவதற்கு முன்னால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம். மூடுகிற நேரம்தான் சூட்சுமம். கொஞ்சம் பிந்தினால் சாம்பல், முந்தினால் வேகாத குச்சி. மறுநாள் கரியை எடுத்து அம்மியில் பொடித்து, சலித்து, ஒரு பிடி உப்பு சேர்த்து, பழைய வேட்டித் துணியில் விரல் தடிமனுக்கு இறுக்கமாகச் சுருட்டித் தைக்க வேண்டும். அப்புறம் பனைமட்டையைப் பிளந்து அதன் நடுவில் வைத்துக் கட்டி, நீளமாகக் கயிறு. நுனியில் நெருப்புக் கங்கு வைத்து ஊதிக்கொண்டே இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

திருக்கார்த்திகை அன்று கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தி முடித்த கையோடு, இருட்டில் இடைவெளி விட்டு நின்றுகொண்டு "மாவலியோ மாவலி" என்று கத்தியபடி தலைக்கு மேல் சுற்ற ஆரம்பிப்போம். சுற்றுகிறவனைச் சுற்றிப் பொன் நிறத்தில் ஒரு வளையம், அதிலிருந்து பொறி சிதறிக்கொண்டே இருக்கும், உப்பு படபடவென்று வெடிக்கும். திண்ணைகளில் அகல் ஏற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். பதினாறு வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லவா வேண்டும். பெரியவர்கள் சொக்கப்பனையில் பாதி எரிந்த துண்டை எடுத்துப்போய் வயலில் நடுவார்கள், பூச்சி அண்டாது என்று. வீட்டுக்குப் போனால் பொரி உருண்டையும் அப்பமும்.

தீபாவளியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தீபாவளியன்று எங்கள் தெருவில் யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது வாசலில் கிடக்கும் வெடிக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். கார்த்திகையில் அது தெரியாது. பனம்பூவும் கிழிந்த வேட்டியும் எல்லோருக்கும் ஒன்றுதான். வெடி வாங்க முடியாமல் தீபாவளி முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்த நண்பன் ஒருவன், மாவலி கட்டுவதில் தெருவுக்கே வாத்தியார். அவன் கட்டினது அறுந்ததே கிடையாது. அந்த ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் அவன் பின்னால்தான் அலைவோம். இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான், கார்த்திகைக்கு லீவு கிடைக்காது.

போன வருஷம் தெருப் பிள்ளைகளிடம் மாவலி பற்றிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, பார்த்ததும் இல்லை. வாய்க்கால் கரையில் பனையும் பாதிக்கு மேல் போய்விட்டது. விட மனசில்லை. இந்தப் புரட்டாசியில் அவர்களையே கூட்டிக்கொண்டு போய் இருக்கிற மரத்தடியில் பொறுக்கினோம். ஒரு சாக்குக்குக் குறையாமல் பனம்பூ பரணில் இருக்கிறது. நண்பன் ஃபோனில், "கயிறை மட்டும் நைலான்ல போட்டுடாதே, சூட்டுல உருகிடும், சணல்ல போடு" என்று சொல்லியிருக்கிறான். சணல் வாங்கியாயிற்று. வேட்டிதான் பற்றாது போலிருக்கிறது, பாலியெஸ்டர் கலந்தது ஆகாது, சுத்தமான பருத்திதான் வேண்டும். ஊரில் இருப்பவர்கள் யாரிடமாவது கிழிந்த பழைய வேட்டி இருந்தால் துடைக்கப் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள், நானே சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.