கொழும்பு போனால் முதலில் புறக்கோட்டை

தூத்துக்குடியில் கப்பலேறும் கன்டெய்னர்களில் நிறைய கொழும்பில் இறங்கித்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. பெட்டிக்கு இருக்கிற அந்த வழி ஆளுக்கு இல்லை. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் ஓடிய தடத்தில் 2011-இல் ஒரு பயணிகள் கப்பல் வந்தது, சில மாதங்களிலேயே நின்றும் போனது. நாகப்பட்டினத்துக் கப்பல் காங்கேசன்துறைக்குப் போகிறது. அது யாழ்ப்பாணத்துப் பக்கம். நெல்லையிலிருந்து கிளம்பும் மாணவர்களுக்கு மதுரை விமானம்தான் தோது.

பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது மிச்சம் இருக்கட்டும். டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. கடைத்தெரு அடைந்து கிடக்கும், ஞாயிறும் ஏறக்குறைய அப்படித்தான். 2024 முதல் நம்ம யுபிஐ அங்கே செல்லும். ஆனால் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே இயக்கி வைக்க வேண்டும். பஸ்ஸிலும் நடைபாதைக் கடையிலும் கையில் காசுதான்.

எல்லோரும் முதலில் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்கு ஓடுகிறார்கள். அதற்கு மாலையில் ஒரு மணி நேரம் தாராளம். துறைமுகம் இந்த ஊரை எப்படி வளர்த்தது என்று தெரிய வேண்டுமானால் காலையில் பழைய கடைத்தெருவான புறக்கோட்டைக்குப் போங்கள். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே கான் மணிக்கூண்டுக்குப் போய், அங்கிருந்து மெயின் தெருவில் நுழையலாம். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட குறுக்குத் தெருக்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல், 1909-இல் கட்டி முடித்தது. நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், உருளைக்கிழங்கு, வத்தல் மொத்த வியாபாரம். மூட்டை இறங்கும் நேரத்தில் தும்மாமல் கடக்க முடியாது. சுமைக்காரர்களை அங்கே நாட்டாமை என்கிறார்கள். இரண்டு சக்கர வண்டியில் ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கி, முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் ஒருவர் தள்ளுவார். பிரேக் கிடையாது. பாரத்தோடு வருகிறவரால் சட்டென்று நிறுத்த முடியாது, ஆகவே குரல் கேட்டதும் கடைப் படியில் ஏறிவிடுங்கள். போட்டோ எடுக்க நடுத்தெருவில் நிற்பவர்கள்தான் இடி வாங்குகிறார்கள்.

மெயின் தெரு முடிகிற பழைய டவுன்ஹாலைத் தாண்டினால் செட்டியார் தெரு: வரிசையாக நகைக்கடைகள், நடுவே கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் திருவிழாத் தேர் கிளம்புவது இங்கிருந்துதான். இன்னும் வடக்கே போனால் கொச்சிக்கடை. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நெல்லையப்பரைப் பார்த்த கண்ணுக்குச் சிறிசுதான், ஆனால் முழுக்கக் கருங்கல். பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். உவரியைப் போல இங்கும் செவ்வாய்க்கிழமைதான் கூட்டம். எல்லா மதத்தாரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த இடம் என்பதால், பெரிய பையோடு போகாமல் இருப்பது நல்லது.

சாப்பாட்டுக்கு நகரின் தெற்கே இருக்கிற வெள்ளவத்தை. சைவக்கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே வடை, ரோல்ஸ் அடுக்கிய தட்டு வரும். அத்தனையும் உங்களுக்கில்லை, தின்றதை எண்ணிக் காசு வாங்குவார்கள். அதனால் பல கை பட்ட தட்டு அது, வடை சூடாக இருந்தால் மட்டும் எடுங்கள். மற்ற கடைகளில் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது வழக்கம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு இலையில் வாங்க வேண்டும்.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கடலோர ரயில்தான் அழகு. கொள்ளுப்பிட்டியிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே அலை அடிக்கும். தெற்கே போகையில் வலப்பக்க ஜன்னல். அலுவலகம் விடும் நேரத்தில் ஏறினால் ஜன்னல் என்ன, கம்பி பிடிக்கக்கூட இடமிருக்காது. தெற்கே காலி, மாத்தறை ஊர்களுக்குப் போகும் எக்ஸ்பிரஸ் சில வெள்ளவத்தையில் நிற்காமல் பாய்ந்துவிடும் என்பதால், நிற்கிற வண்டிதானா என்று பிளாட்பாரத்திலேயே கேட்டு ஏறுங்கள்.