முப்பது செம்பருத்திக் குச்சிகள்

குச்சி வைத்தால் வேர் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது, "இழுத்துப் பார்த்தீர்களா?" என்றுதான். பதிலுக்கு ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். நானும் அந்த ஜாதிதான். மூன்று நாளைக்கு ஒரு தடவை மெல்ல உருவிப் பார்த்துவிட்டு மறுபடி செருகுவேன், அப்புறம் நமக்குக் கைராசி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுவேன்.

இந்த முறை கொஞ்சம் ஒழுங்காகச் செய்து பார்த்தேன். ஒரே செம்பருத்திச் செடி, ஒரே நாள் காலையில் வெட்டிய முப்பது குச்சிகள். தண்ணீர், மணல், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), கோகோபீட்டும் பெர்லைட் என்கிற பொரிகல்லும் பாதிக்குப் பாதி, சாதாரணத் தொட்டி மண் என்று ஐந்து வகை, வகைக்கு ஆறு. தண்ணீருக்கு மட்டும் ஒரே கண்ணாடி ஜாடி, மற்றதெல்லாம் குச்சிக்கு ஒன்றாக, அடியில் ஓட்டை போட்ட டம்ளர். ஒளி ஊடுருவுகிற டம்ளராக எடுத்து, சுற்றிலும் கறுப்புத் தாள் சுற்றினேன். வேர் வந்தால் தாளை விலக்கி ஓரத்தில் பார்த்துக்கொள்ளலாம், இழுக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

குச்சி பென்சில் கனம் இருந்தால் போதும், அடிப்பக்கம் பழுப்பேறத் தொடங்கி நுனிப்பக்கம் இன்னும் பச்சையாக இருக்கிற பக்குவம்தான் சரி. நாலு கணு விட்டு, கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டினேன், மேலே நேராக. சாய்வு வெட்டில் மந்திரம் எதுவும் இல்லை, தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். வேரைத் தூண்டுகிற ஆக்ஸின் என்கிற ஹார்மோன் நுனியிலிருந்து அடிப்பக்கமாகத்தான் இறங்கிச் சேரும், குச்சியைத் திருப்பி நட்டாலும் அது தன் திசையை மாற்றிக்கொள்ளாது. மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு அதையும் பாதியாக நறுக்கினேன், மொட்டு இருந்தால் கிள்ளிவிட்டேன். குச்சியின் அடியில் தடவுகிற வேர் ஊக்கிப் பொடியில் பெரும்பாலும் இருப்பது ஐபிஏ (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) என்கிற செயற்கை ஆக்ஸின், 1935-லேயே சோதித்துப் பார்த்து எழுதப்பட்ட சங்கதி. பாதி முற்றிய தண்டுக்கு 3000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 3000 பங்கு, போதும். அதிகம் தடவினால் சீக்கிரம் வரும் என்று நினைத்து அடியைக் கருக்கியவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் ஜாடிதான் பார்க்கச் சுவாரசியம். ஒரு வாரத்தில் தண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் புடைத்து வந்தன. வேர் என்று துள்ளிக் குதித்தேன். வேர் இல்லை, பட்டையில் காற்று போய்வருகிற துளைகள் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன. பத்தாம் நாள் ஒரு குச்சியின் அடி கறுத்துக் கொழகொழவென்று ஆனது, அந்த அழுகல் பக்கத்துக் குச்சிக்கும் பரவியது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜன் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான், அதே ஒரு லிட்டர் காற்றில் 270-க்குக் கிட்டே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற சோம்பலே வரவில்லை. மிச்ச நாலும் வேர்விட்டன, ஆனால் தடித்து, வழவழவென்று, தொட்டால் ஒடிகிற வேர்கள். மண்ணுக்கு மாற்றியதும் இரண்டு தலை தொங்கிப் போயின.

மணலில் வேர் சுத்தமாக வந்தது. எண்ணிக்கை குறைவு, நீளம் அதிகம், கிளை அவ்வளவாக இல்லை. மணலின் நல்ல குணம், கனமாக இருப்பதால் குச்சி ஆடாது. கெட்ட குணம், ஒரு நாள் மறந்தால் வறண்டுவிடும்.

கோகோபீட் தனியாக வைத்ததில்தான் எனக்குப் பாடம். கட்டியை ஊறவைத்து மூன்று தடவை அலசிவிட்டேன், உப்பு போகட்டும் என்று. டம்ளரின் மேல்பகுதி பொலபொலவென்று அருமையாக இருந்தது, அடியில் மட்டும் எப்போதும் சொதசொதப்பு. ஓட்டை இருந்தும் ஏன் வடியவில்லை? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள், சொட்டுவது நின்றுவிடும். அதையே செங்குத்தாக நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஒழுகும். தொட்டிக்குள்ளும் அதே கதைதான்: எந்தக் கலவையிலும் அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தண்ணீர் தங்கியே தீரும், தொட்டி குட்டையாக இருந்தால் குச்சியின் வெட்டுவாய் நேராக அந்தச் சேற்றில்தான் உட்காரும். அடியில் கூழாங்கல் போடுவதால் அது போகாது, ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், நல்ல இடம்தான் இன்னும் குறையும். உயரமான டம்ளர் எடுத்து, குச்சியை அதிக ஆழம் செருகாமல் விடுவதுதான் வழி. இல்லையென்றால் பெர்லைட்.

பெர்லைட் என்பது ஒரு எரிமலைக் கண்ணாடி. 900 டிகிரிக்குக் கிட்டே சூடாக்கும்போது உள்ளே இருக்கிற நீர் ஆவியாகி, கல் பொரிந்து பல மடங்கு பெருகிவிடும். மூட்டையைப் பிரிக்கும் முன் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. கோகோபீட்டோடு கலந்தபோது ஈரமும் இருந்தது, இடையிடையே காற்றும் இருந்தது. நாலாவது வாரம் டம்ளர் ஓரத்தில் தெரிந்த வேர், பக்கவேர் விட்டு நூல்கண்டு மாதிரி சுருண்டிருந்தது.

தொட்டி மண்ணைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆறில் ஒன்று. தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிப்போனது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இரண்டாவது வாரமே எல்லா டம்ளரிலும் துளிர் வந்தது, மண்ணில் செத்த ஐந்தும் உட்பட. தண்டில் சேமித்து வைத்ததைச் செலவழித்து வருகிற துளிர் அது, அடியில் வேர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்து ஈரத்தைக் காத்திருந்ததால் துளிர் இன்னும் பசுமையாக இருந்து என்னை நன்றாகவே ஏமாற்றியது.

பெர்லைட் கலவையில் கடைசிக் கணக்கு ஆறுக்கு ஐந்து. ஆறாவது டம்ளரின் ஓரத்தில் வேர் எதுவும் தெரியவில்லை, அதனால் லேசாக இழுத்துப் பார்த்தேன். வேர் நடுவில் இருந்திருக்கிறது.