கமிட் வரை காத்திராத லாகின்

எங்கள் ஜாவா செயலியின் உள்நுழைவு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் ஒற்றை சர்வ்லெட்டாகவே (வலைக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) இருந்தது. அதில் ஓடிபியையும் பிறகு எல்டாப்பையும் (பயனர் பட்டியலை வைத்திருக்கும் டைரக்டரியை அணுகும் நெறிமுறை) சேர்க்க வேண்டி வந்தபோது, இஃப் நிபந்தனைகளை மேலும் அடுக்க மனமின்றி, பயனர் யார், அவருக்கு என்ன உரிமை என்பதைச் சரிபார்க்க உதவும் ஜாவா ஆத்தென்டிகேஷன் அண்ட் ஆத்தரைசேஷன் சர்வீஸ் எனும் ஜாஸுக்கு மாறினேன். சன் நிறுவனத்தார் 1995-இல் முன்மொழிந்த, உள்நுழைவுச் சோதனைகளைத் தனித்தனி மாட்யூல்களாகச் செருகும் பாம் முறையை ஒட்டிய இது, ஜாவா 1.3-க்குக் கூடுதல் தொகுப்பாக வந்து, 2002-இல் வெளியான 1.4-இல் ஜாவாவின் அங்கமாகவே ஆயிற்று.

செயலிக்குத் தெரிவது, உள்நுழைவைத் தொடங்கிவைக்கும் லாகின்காண்டெக்ஸ்ட் மட்டுமே. ஒவ்வொரு வகைச் சோதனையையும் செய்யும் லாகின்மாட்யூல்களில் எவை எந்த வரிசையில் இயங்கும் என்பதைக் கான்ஃபிக் கோப்பு தீர்மானிக்கிறது. மாட்யூல் கேட்கும் விவரங்களைத் தருவது கால்பேக்ஹேண்ட்லரின் வேலை. படிவத்தில் முன்பே வந்துவிட்ட மதிப்புகளை எடுத்து நீட்டினால் போதும் என்பதால், அதில் சிக்கல் எழவில்லை.

சிக்கலை உண்டாக்கியவன் நானே. கடவுச்சொல் பொருந்தியதுமே, மாட்யூலின் லாகின் மெத்தடிலேயே, பயனரைக் குறிக்கும் சப்ஜெக்டில் அவருடைய அடையாளமான பிரின்சிபலைச் சேர்த்துவிட்டேன். அடுத்த மாட்யூலில் ஓடிபி தவறி எக்ஸெப்ஷன் எழுந்த பின்னும், செஷனில் நான் வைத்திருந்த அதே சப்ஜெக்டில் அந்தப் பிரின்சிபல் அப்படியே இருந்தது. பிரின்சிபல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்த எங்கள் ஃபில்டர் (கோரிக்கைகளை முதலில் சோதிக்கும் பகுதி) பயனரை உள்ளே விட்டது. லாகினில் முடிவை மாட்யூலுக்குள் குறித்து வைத்துக்கொண்டு, ஒட்டுமொத்தச் சரிபார்ப்பும் வென்ற பிறகே அழைக்கப்படும் கமிட்டில்தான் பிரின்சிபலைச் சேர்க்க வேண்டும். தோற்றால் அழைக்கப்படும் அபார்ட்டில் குறித்ததை அழிக்க வேண்டும். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்; நான்தான் அவசரத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

எல்டாப்பைச் சேர்த்தபோது இன்னொரு முறை சறுக்கினேன். கான்ஃபிக் கோப்பில் அதற்கு சஃபிஷியன்ட் (வென்றால் போதும்) என்று எழுதி, ஓடிபியை அதற்குப் பின்னால் ரெக்வயர்டாக (வென்றே ஆக வேண்டும்) வைத்தேன். சஃபிஷியன்ட் வென்றால் பட்டியல் அங்கேயே நின்றுவிடும் என்பதால், எல்டாப் பயனர்களிடம் ஓடிபி சரிபார்க்கப்படவே இல்லை. இப்போது ஓடிபி முதலில் ரெக்வயர்ட், அடுத்து எல்டாப் சஃபிஷியன்ட், கடைசியில் தரவுத்தளம் ரெக்வயர்ட் என்ற வரிசை. ரெக்வயர்டுக்குப் பதில் ரெக்விசிட் என்று எழுதினால் தோற்ற இடத்திலேயே நின்றுவிடும். ரெக்வயர்ட் தோற்றாலும் மற்ற மாட்யூல்கள் தொடர்ந்து இயங்குவதால், எந்தக் கட்டத்தில் பிழை என்பது வெளியாருக்கு எளிதில் புலப்படாது.

உரிமைச் சரிபார்ப்பை ஜாஸிடம் ஒப்படைக்கவில்லை. அது நம்பியிருந்த, நிரலின் செயல்களுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் செக்யூரிட்டி மேனேஜர் 2021-இல் ஜாவா 17-இலேயே கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்துவிட்டதால், பிரின்சிபல்களின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு எங்கள் ஃபில்டரிடமே இருக்கிறது.